அப், ஆஃப், அவுட்: ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்களும் இடியம்களும் கற்க முழுமையான வழிகாட்டி

ஆங்கில வழியில் பட்டம் வாங்கி, ஆங்கிலப் பேப்பரைத் தலையங்கம்வரை வாசிக்கிறவர்கூட ஒரு இடத்தில் திணறிப்போவார். அலுவலக காலில் எதிர்முனையில் இருப்பவர், 'த மீட்டிங் இஸ் கால்டு ஆஃப். வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம், ஸோ கோ அஹெட்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார். கால், ஆஃப், ரன், அவுட், கோ. இதில் மூன்றாம் வகுப்பைத் தாண்டிய சொல் எதுவும் இல்லை. ஆனாலும் மீட்டிங் உண்டா இல்லையா என்பது பிடிபடாது. (இல்லை. ரத்து. நேரம் போதவில்லை, நீங்கள் வேலையைத் தொடருங்கள் என்கிறார்.)

இதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. 1755-இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினைச்சொல்லோடு ஒரு குட்டிச் சொல்லை ஒட்டிப் பொருளையே மாற்றிவிடும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டாருக்குப் பெரிய தலைவலி என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். கம் ஆஃப், ஃபால் ஆஃப், பிரேக் ஆஃப் என்று உதாரணங்களையும் அடுக்கினார். அப்போது இதற்குத் தனிப் பெயர் இல்லை. 1925-இல் லோகன் பியர்சல் ஸ்மித் தன் நூலில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். அந்தப் பெயரைத் தனக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் குறிப்பிட்டார்.

நாமும் இதே வேலையைத் தமிழில் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறோம். தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டுக்காரர் 'காட்டிக்கொடுத்தான்' என்று கேட்டால் என்ன நினைப்பார்? எதையோ காட்டினான், பிறகு கொடுத்தான், ஏதோ பரிசுபோல என்று நினைப்பார். துரோகம் என்று தோன்றவே தோன்றாது. இதையே ஆங்கிலத்தில் 'கிவ் அவே' என்பார்கள். அங்கேயும் 'கொடு'தான். 'தள்ளிப்போடு' என்பது 'புட் ஆஃப்'. அங்கேயும் 'போடு'தான். கண்டுபிடி, விட்டுக்கொடு, பார்த்துக்கொள், ஒத்துப்போ எல்லாமே இரண்டு எளிய சொற்கள் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருளைத் தருபவை. இவற்றை நாம் யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. கேட்ட இடத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டோம். ஆங்கிலத்துக்கும் அந்த வழிதான் சரிப்படும் என்பது என் கட்சி. 'ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப்கள், அகர வரிசையில்' என்று விற்கும் புத்தகங்களை முதலில் மூடி வையுங்கள்.

எத்தனை தெரிந்தால் போதும்?

நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற தொகுப்பை அலசி 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வரும் ஃப்ரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல், வெறும் 20 வினைச்சொற்களும் 8 ஒட்டுச்சொற்களும் (அப், அவுட் போன்ற குட்டிச் சொற்கள்) மாறி மாறிச் சேர்ந்ததால் உண்டானவை. கோ, கம், டேக், கெட், செட், டர்ன், புட், பிக் போன்ற நமக்குத் தெரிந்த வினைகள்தான் அவை. 2015-இல் மெலடி கார்னியே, நார்பர்ட் ஷ்மிட் இருவரும் அதிகம் புழங்கும் 150 ஃப்ரேசல் வெர்ப்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையில் புழக்கத்தில் இருக்கும் பொருள்களை மட்டும் சலித்துக் கொடுத்தார்கள். மொத்தம் 288 பொருள்கள்தான் தேறின. அந்தப் பட்டியலின் பெயர் 'ஃபேவ் லிஸ்ட்'. பி, ஹெச், ஏ, வி, ஈ என்ற எழுத்துகளைப் போட்டு இணையத்தில் தேடிப் பாருங்கள். பட்டியலே வேண்டாம் என்று சொன்ன நான் இந்த ஒரு பட்டியலை மட்டும் விதிவிலக்காக வைக்கிறேன். மனப்பாடம் செய்ய அல்ல, எது முக்கியம் என்று சரிபார்த்துக்கொள்ள.

முதல் படி: கையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, தமிழ் பேசும்போதே நீங்கள் சொல்லும் அப், ஆஃப், அவுட், இன் சொற்களை எழுதுங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் முதல் சொல் கட்-ஆஃப்தான். பொறியியல் கவுன்சிலிங்குக்கு 200-க்கு எத்தனை என்று தெருவே கேட்கும். பிறகு வரிசையாக வரும்: செக்கப், மேக்கப், செட்டப், பிரேக்கப், ஸ்டார்ட்டப், லாக்கப், லேஅவுட், ரன் அவுட், நாக் அவுட், டிராப் அவுட், டேக் ஆஃப், லாகின், ஃபாலோ ஆன். சட்டசபைச் செய்தியில் வாக் அவுட்.

இவை எல்லாம் பெயர்ச்சொற்களாக நம்மிடம் வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றையும் வினையாக்கிப் பாருங்கள். 'செக்கப்புக்குப் போனேன்' உங்களுக்குத் தெரியும். 'செக் அப் ஆன் கிராண்ட்மா' என்றால் பாட்டி எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு வா என்று பொருள். ஸ்கூல் டிராப் அவுட் தெரியும். 'ஹி டிராப்டு அவுட் ஆஃப் காலேஜ்' என்றால் படிப்பைப் பாதியில் விட்டான். 'தே வாக்டு அவுட்' என்றால் வெளிநடப்பு செய்தார்கள்.

இந்த மாற்றத்தில் காது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதல் பாதியில் விழும்: செக்-அப் என்பதில் 'செக்'கில். வினையாக வரும்போது அழுத்தம் ஒட்டுச்சொல்லுக்கு நகரும்: செக் 'அப்'. தமிழ்நாட்டுக்காரர்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவோம். எதிராளிக்கு ஒரு நொடி குழம்பும்.

நம் ஊரில் வேறு வேஷம் கட்டிய சொற்களைத் தனியே குறித்து வையுங்கள். 'ஓவரா பில்டப் கொடுக்காதே' என்பதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே பில்ட் அப் என்றால் படிப்படியாகச் சேர்தல், சேர்த்தல். சினிமாக்காரர்கள் சொல்லும் 'பேக்கப்', மூட்டை கட்டுகிற பேக் அப். கம்ப்யூட்டர் 'பேக்கப்' வேறொரு பேக், முதுகைக் குறிக்கும் அந்தச் சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் ஆங்கிலத்தில் எழுதும்போது கைதவறும்.

இரண்டாம் படி: வினையை விடுங்கள், வாலைப் பிடியுங்கள்

பெரும்பாலான புத்தகங்கள் 'கெட்' என்று தலைப்பு போட்டு, கெட் அப், கெட் ஆஃப், கெட் ஓவர், கெட் அலாங் என்று இருபதை வரிசையாகக் கொடுக்கும். இரண்டு நாளில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதையே புரட்டிப் போடுங்கள். ஒட்டுச்சொல்லைத் தலைப்பாக்கி அதன் கீழே வினைகளை வையுங்கள்.

'அப்' எடுத்துக்கொள்வோம். மேலே என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும். அதைவிட அதிகமாக அது செய்யும் வேலை 'முடித்துவிடுதல்'. ஈட் என்றால் சாப்பிடு, ஈட் அப் என்றால் தட்டைக் காலி செய். யூஸ் என்றால் பயன்படுத்து, யூஸ் அப் என்றால் தீர்த்துவிடு. ஃபில் அப், கிளீன் அப், டியர் அப், லாக் அப் எல்லாம் இதே கணக்கு. நம் 'விடு' என்ற துணைவினை செய்கிற வேலையை இங்கே அப் செய்கிறது. இரண்டாவது வேலை கூடுதல்: ஸ்பீக் அப் (சத்தமாகப் பேசு), ஸ்பீட் அப், ஹீட் அப், டர்ன் அப் த வால்யூம். மூன்றாவது, வந்து நிற்றல்: ஷோ அப், டர்ன் அப். 'ஹி டிட்ன்ட் ஷோ அப்' என்றால் ஆளையே காணோம். இந்த மூன்று பைகளில் அப் சேர்ந்த பெரும்பாலானவற்றைப் போட்டுவிடலாம்.

'அவுட்' வெளியே வருதல். உண்மை வெளியே வந்தால் ஃபைண்ட் அவுட், ஃபிகர் அவுட், டர்ன் அவுட். உள்ளே இருந்ததெல்லாம் வெளியே போய்விட்டால், அதாவது தீர்ந்தால், ரன் அவுட், செல் அவுட், வேர் அவுட். கையிலிருந்து பலருக்குப் போனால் ஹேண்ட் அவுட், கிவ் அவுட்.

'ஆன்' தொடர்தல்: கேரி ஆன், கோ ஆன், கீப் ஆன். உடம்பில் ஏறினால் புட் ஆன், டிரை ஆன். சட்டைக்கும் அதுதான், உடல் எடைக்கும் அதுதான்: 'ஐ ஹாவ் புட் ஆன் வெயிட்.'

'டவுன்' குறைதல், நின்றுபோதல், எழுத்தில் இறங்குதல்: ஸ்லோ டவுன், பிரேக் டவுன், ரைட் டவுன். 'டர்ன் டவுன்' மட்டும் இரட்டை வேலை பார்க்கும். வால்யூமை டர்ன் டவுன் செய்தால் குறைத்தீர்கள். வேலை வாய்ப்பை டர்ன் டவுன் செய்தால் வேண்டாம் என்றீர்கள்.

'ஆஃப்' கொஞ்சம் வில்லங்கம். நமக்கு ஆஃப் என்றால் அணைத்தல். ஃபேன் ஆஃப், லைட் ஆஃப், ஆளே ஆஃப். ஆங்கிலத்தில் அதன் பரந்த பொருள் 'விலகிப் போதல்'. விமானம் டேக் ஆஃப் ஆகும். சட்டையை டேக் ஆஃப் செய்வோம். பயணத்துக்கு செட் ஆஃப் ஆவோம். ஊருக்குப் போகிறவரை ஸ்டேஷனில் சீ ஆஃப் செய்வோம். தேதி விலகினால் புட் ஆஃப், நிகழ்ச்சியே விலகினால் கால் ஆஃப். இப்போது 'கோ ஆஃப்' என்பதைப் பாருங்கள். 'த லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது! நின்றது அல்ல. 'த பாம் வென்ட் ஆஃப்' என்றால் குண்டு வெடித்தது. பிரிட்டிஷ்காரர் 'த மில்க் வென்ட் ஆஃப்' என்றால் பால் கெட்டுப்போயிற்று. 'ஃபயர் அலாரம் கோஸ் ஆஃப்' என்ற அறிவிப்பைக் கேட்டு, அணைந்துவிட்டதே என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

எல்லாம் இப்படிப் பைக்குள் அடங்காது. 'புட் அப் வித்' ஏன் பொறுத்துக்கொள்வதைக் குறிக்கிறது என்று யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வீடு பர்ன் டவுன் ஆனாலும் பர்ன் அப் ஆனாலும் மிஞ்சுவது சாம்பல். படிவத்தை ஃபில் இன் செய்தாலும் ஃபில் அவுட் செய்தாலும் ஒன்றுதான். அடங்காதவற்றை முழுச் சொல்லாகவே விழுங்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: 'இட்' எங்கே உட்காருகிறது?

இலக்கணத்தில் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான். 'டர்ன் ஆஃப் த லைட்' சரி. 'டர்ன் த லைட் ஆஃப்' என்பதும் சரி. ஆனால் 'இட்' என்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்.' 'டர்ன் ஆஃப் இட்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிக் இட் அப், ஃபில் இட் அவுட், கால் இட் ஆஃப், புட் இட் ஆன் எல்லாம் இந்த ஜாதி.

சில வினைகள் பிரியவே பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' (அவனைப் பார்த்துக்கொள்), 'லுக் இன்டு இட்' (விசாரித்துப் பார்), 'கெட் ஓவர் இட்' (அதிலிருந்து தேறி வா). நடுவில் யாரையும் நுழைக்க முடியாது. மூன்று சொல் கொண்டவையும் பெரும்பாலும் அப்படித்தான்: ரன் அவுட் ஆஃப், கம் அப் வித், கெட் அலாங் வித். 'லுக் ஃபார்வர்டு டு' மட்டும் இன்னொரு நிபந்தனை போடும். அதற்குப் பின்னால் 'மீட்டிங் யூ' என்று 'இங்' சேர்த்துத்தான் வினை வரும். 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ' என்று முடியும் மெயில்கள் நம் ஊரில் ஏராளம். அதைத் திருத்திக்கொண்டாலே மெயிலுக்கு ஒரு களை வந்துவிடும்.

எது பிரியும், எது பிரியாது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியில், வலையிலும் இலவசமாகக் கிடைக்கும், ஃப்ரேசல் வெர்ப் பதிவைத் திறந்தால் நடுவே இருபுறமும் அம்பு முனை கொண்ட ↔ குறி தெரியும். அது இருந்தால் பிரியும். இன்னொரு சுலப வழி, புதிதாக ஒன்றைக் கற்கும்போதே 'இட்' சேர்த்துக் கற்பது. 'பிக் அப்' என்று எழுதாதீர்கள், 'பிக் இட் அப்' என்று எழுதுங்கள்.

நான்காம் படி: நோட்டில் சொல்லை எழுதாதீர்கள், உங்கள் வீட்டை எழுதுங்கள்

'ரன் அவுட் ஆஃப் = தீர்ந்துபோதல்' என்று எழுதினால் மறந்துபோகும். நோட்டை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் உங்கள் வாயில் வரும் தமிழை அப்படியே எழுதுங்கள். 'சிலிண்டர் தீர்ந்துபோச்சு.' 'வர்ற வழியில வண்டில பெட்ரோல் தீர்ந்துடுச்சு.' 'எனக்குப் பொறுமை போயிட்டே இருக்கு.' வலப்பக்கம் ஆங்கிலம்: 'வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்.' 'ஐ ரேன் அவுட் ஆஃப் பெட்ரோல் ஆன் த வே.' 'ஐ ஆம் ரன்னிங் அவுட் ஆஃப் பேஷன்ஸ்.' மூன்று வாக்கியம், மூன்று காலம். மறுநாள் வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, இடப்பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். இடப்பக்கத்தை மறைத்தால் பயிற்சி பாதிதான். பேச வேண்டிய நேரத்தில் மனதில் முதலில் எழுவது தமிழ்தானே.

வாரம் ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறை வாரத்தில் காய்கறியை கட் அப் செய்யுங்கள், குழம்பை ஹீட் அப் செய்யுங்கள், பால் பொங்கி வழிந்தால் 'த மில்க் பாயில்டு ஓவர்', பாத்திரம் கழுவினால் வாஷ் அப், கழுவியதை எடுத்து வைத்தால் புட் அவே. பஸ் வாரத்தில் கெட் ஆன், கெட் ஆஃப், கம்பியைப் பிடித்துக்கொள்ள ஹோல்ட் ஆன், பிள்ளையைப் பள்ளியில் விட டிராப் ஆஃப். காருக்கும் ஆட்டோவுக்கும் கெட் இன், கெட் அவுட். 'கெட் டவுன் ஃப்ரம் த பஸ்' நம் ஊர் வழக்கு. வெளியூரில் கெட் ஆஃப்தான்.

ஆஸ்பத்திரி வாரத்தைத் தவறவிடாதீர்கள். வெளிநாட்டில் பிள்ளைகளோடு போய்த் தங்கும் பெற்றோருக்கு முதலில் தேவைப்படுவது இதுதான். வாந்தி எடுத்தால் 'ஷி த்ரூ அப்', மயங்கி விழுந்தால் 'ஹி பாஸ்டு அவுட்', காய்ச்சல் வந்தால் 'ஐ கேம் டவுன் வித் அ ஃபீவர்', கால் வீங்கினால் 'மை ஃபுட் ஹாஸ் ஸ்வெல்டு அப்'. டாக்டரிடம் 'வாமிட்' என்று சொன்னாலும் புரியும். ஆனால் நர்ஸ் உங்களிடம் கேட்பது 'டிட் யூ த்ரோ அப்?' என்றுதான் இருக்கும்.

ஐந்தாம் படி: காதுக்குப் புணர்ச்சி விதி

படிக்கும்போது புரிந்தது பேச்சில் புரியாமல் போவதற்குக் காரணம் சொற்கள் ஒட்டிக்கொள்வது. இங்கே தமிழனுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று நன்னூல் சொல்லிவைத்தது ஆங்கிலத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும். அப், அவுட், ஆஃப், ஆன், இன், இட் எல்லாமே உயிரில் தொடங்குபவை. முன்னால் நிற்கும் வினைகள் பெரும்பாலும் மெய்யில் முடிபவை. அதனால்தான் பிக்+அப் நம் வாயில் 'பிக்கப்' ஆனது, செட்+அப் 'செட்டப்' ஆனது. அதையே நீட்டுங்கள். 'பிக் இட் அப்' காதில் விழுவது 'பிக்கிட்டப்'. 'ஃபில் இட் அவுட்' என்பது 'ஃபிலிட்டவுட்'. அமெரிக்கர் வாயில் அந்த 'ட்' இன்னும் மெலிந்து 'ர்' மாதிரிகூட ஒலிக்கும்.

பயிற்சி எளிது. சப்டைட்டிலோடு ஏதாவது ஒரு தொடரில் இரண்டே நிமிடத்தை எடுங்கள். முதலில் சப்டைட்டில் இல்லாமல் கேட்டு, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். பிறகு சப்டைட்டிலைப் போட்டுச் சரிபாருங்கள். 'கமான்ட்ஸ் ஓவர்' மாதிரி விசித்திரமாக எழுதியிருப்பீர்கள். அந்த விசித்திரம்தான் உண்மையான ஒலி. ஒரு மணி நேரம் படம் பார்ப்பதைவிட இந்த இரண்டு நிமிடம் அதிகம் தரும்.

ஆறாம் படி: எங்கே பேச்சு, எங்கே எழுத்து

நம் பள்ளிகள் கற்றுத்தந்த ஆங்கிலம் எழுத்து ஆங்கிலம். போஸ்ட்போன், டாலரேட், இன்வெஸ்டிகேட், டிஸ்கவர். இவை லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தவை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்தது. வீட்டிலும் வயலிலும் பழைய ஆங்கிலச் சொற்கள் தங்கின. புட், கோ, கம், அப், ஆஃப் எல்லாம் அப்படித் தங்கிய ஜனங்களின் சொற்கள். அதனால்தான் நண்பரிடம் 'ஐ கேனாட் டாலரேட் திஸ் நாய்ஸ்' என்று சொன்னால், பக்கத்து வீட்டுக்காரரிடம் 'இவ்விரைச்சலைச் சகிக்க இயலவில்லை' என்று சொன்ன மாதிரி இருக்கிறது. 'ஐ கான்ட் புட் அப் வித் திஸ் நாய்ஸ்' என்பதே இயல்பு.

அதற்காக எல்லா இடத்திலும் வாலை ஒட்டாதீர்கள். ஆய்வுக் கட்டுரை, சட்ட நோட்டீஸ், விண்ணப்பம் எழுதும்போது இன்வெஸ்டிகேட் தான் பொருத்தம். வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலில் 'வி வில் லுக் இன்டு இட்' தாராளமாக எழுதலாம். போனிலும் நேரிலும் லுக் இன்டு, புட் ஆஃப், ஃபைண்ட் அவுட்.

ஏழாம் படி: இடியம்களை மூன்றாகப் பிரியுங்கள்

இடியம், அதாவது மரபுத்தொடர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஆசை அதிகம், அளவு குறைவு. மழை பெய்தால் உடனே 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பார்கள். புரியும், ஆனால் இன்றைக்கு யாரும் அன்றாடம் அப்படிப் பேசுவதில்லை. 'இட்ஸ் போரிங்' என்பார்கள். போர் அடிக்கிறது அல்ல, 'கொட்டுகிறது' என்ற போர்.

முதல் பிரிவு, அலுவலகத்தில் நீங்களே சொல்லலாம் என்று தைரியமாக எடுத்துக்கொள்பவை. 'ஆன் த சேம் பேஜ்' (ஒரே புரிதலில் இருக்கிறோம்), 'ஆன் த பேக் பர்னர்' (ஆறப்போட்டிருக்கிறோம், இரண்டு மொழியிலும் அடுப்படியிலிருந்து பிறந்த பேச்சு), 'பீட் அரவுண்ட் த புஷ்' (சுற்றி வளைத்தல்), 'இன் த லூப்' (தகவல் போகும் வட்டத்துக்குள்).

இரண்டாம் பிரிவு, நண்பர்களோடு மட்டும். 'பீஸ் ஆஃப் கேக்' (அல்வா சாப்பிடுகிற மாதிரி), 'ஒன்ஸ் இன் அ ப்ளூ மூன்' (அத்தி பூத்தாற்போல), 'அண்டர் த வெதர்' (உடம்பு ஒரு மாதிரி இருக்கு).

மூன்றாம் பிரிவு, கேட்டால் புரிந்தால் போதும், வாயில் வர வேண்டாம். 'கிக் த பக்கெட்' அதில் முதலிடம். பொருள் இறந்துபோதல் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, துக்கம் கேட்கும் இடத்தில் எடுத்து விட்டால் என்ன ஆகும்? அது 'காலமானார்' அல்ல, 'மண்டையைப் போட்டான்'. காலமானார் என்பதற்கு 'பாஸ்டு அவே' இருக்கிறது. ஒவ்வொரு இடியமுக்கும் பொருள் எழுதாமல், அதே மரியாதை, அதே கிண்டல் உள்ள தமிழ் வழக்கை எழுதச் சொல்வது இதனால்தான். அப்படி எழுதினால் எங்கே சொல்லலாம், எங்கே கூடாது என்பது தானாக வந்துவிடும். அல்வா விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை: சாப்பிட்டால் சுலபம், கொடுத்தால் ஏமாற்று.

அமெரிக்க கிளையண்டோடு வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு பாடம் இருக்கிறது: பேஸ்பால். கிரிக்கெட்டில் ஊறிய நமக்கு 'ஆன் த பேக் ஃபுட்' (தற்காப்பு நிலையில்), 'ஸ்டிக்கி விக்கெட்' (இக்கட்டான நிலை), 'ஹிட் ஃபார் சிக்ஸ்' (நிலைகுலையவைத்தல்) கேட்டாலே பாதி புரியும். அவை பிரிட்டிஷ் வழி வந்தவை. அமெரிக்கர் பேச்சிலோ 'லெட்ஸ் டச் பேஸ் டுமாரோ', 'கிவ் மி அ பால்பார்க் ஃபிகர்', 'ஹி த்ரூ அஸ் அ கர்வ்பால்', 'இட் கேம் அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்டு' என்று மைதானமே மாறிவிடும். பேஸ்பாலில் ஆட்டக்காரர் ஓடித் தொட வேண்டிய நிலைகள் பேஸ். அதிலிருந்து டச் பேஸ், நாளைக்கு ஒரு வார்த்தை பேசிக்கொள்வோம் என்ற பொருளில் புழங்குகிறது. மைதானத்தின் பெயர் பால்பார்க். பால்பார்க் ஃபிகர் என்றால் குத்துமதிப்பான தொகை. பந்து வளைந்து வந்தால் கர்வ்பால், எதிர்பாராத சிக்கல். லெஃப்ட் ஃபீல்டிலிருந்து வந்தால் யாரும் நினைத்துப் பார்க்காதது. யூடியூபில் பேஸ்பால் விதிகளை விளக்கும் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டால், இடியம் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் மிச்சம்.

எட்டாம் படி: நம் ஊர்ப் பொறிகள்

'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று ரெஸ்யூமேயில் எழுதினால் இந்தியாவுக்குள் பட்டம் பெற்றதாகப் பொருள். வெளிநாட்டு மேலாளர், அந்த வருஷம் மயங்கி விழுந்ததாகப் படித்துக்கொள்வார். 'கிராஜுவேட்டடு' என்று எழுதிவிடுங்கள். 'கோப் அப் வித்' என்ற ஒன்று இல்லை. 'கோப் வித்' மட்டுமே. 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' போதும். 'ரிட்டர்ன் பேக்' என்பதில் பேக் உபரி. 'வேர் ஆர் யூ புட் அப்?' என்று கேட்டால் சென்னையில் விலாசம் சொல்வார்கள், சிகாகோவில் விழிப்பார்கள். 'வேர் ஆர் யூ ஸ்டேயிங்?' என்று கேளுங்கள். 'ஆஃப் த லைட்', 'ஆன் த ஃபேன்' என்பவற்றுக்கு முன்னால் ஒரு டர்ன் அல்லது ஸ்விட்ச் போட மறக்காதீர்கள்.

ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தங்களுக்குள்ளேயே இடறும் இடங்களும் உண்டு. ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுத்து வைப்பது. அமெரிக்காவில் விவாதிக்காமல் ஒத்திப்போடுவது. இரண்டு நாட்டவரும் இருக்கும் காலில் அந்தச் சொல்லைத் தவிர்ப்பது உத்தமம்.

ஒன்பதாம் படி: திரும்பப் பார்த்தல், வாயில் வரவழைத்தல்

ஒரு நாளைக்கு மூன்று போதும். இன்று எழுதியதை நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து மறைத்துச் சொல்லிப் பாருங்கள். ஆங்கி போன்ற செயலி இந்த இடைவெளியைத் தானே பார்த்துக்கொள்ளும். அதில் மற்றவர்கள் செய்து வைத்த அட்டைகளை இறக்கிக்கொள்ளாமல் உங்கள் வாக்கியத்தை நீங்களே போடுங்கள். நோட்டில் நூறு வாக்கியம் சேரும் முன்பே பேசத் தொடங்கிவிட வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் இரவில் அன்றைய நாளை போனில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள்: காலையில் அலாரம் வென்ட் ஆஃப், ஐ காட் அப், த மில்க் பாயில்டு ஓவர், ஐ டிராப்டு மை சன் ஆஃப், த மீட்டிங் வாஸ் புட் ஆஃப். நாள் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஃப்ரேசல் வெர்ப் அதிகம் தேவைப்படும்.

போன் பேச்சுக்கு இந்த நான்கை மட்டும் முதல் வாரத்திலேயே நாக்கில் ஏற்றிவிடுங்கள். 'யூ ஆர் பிரேக்கிங் அப்' (குரல் விட்டு விட்டு வருகிறது), 'வி காட் கட் ஆஃப்' (லைன் கட்டாகிவிட்டது), 'குட் யூ ஸ்பீக் அப்?' (கொஞ்சம் சத்தமாக), 'ஐ வில் கால் யூ பேக்' (நானே திரும்பக் கூப்பிடுகிறேன்). எதிராளி எடுத்து விட்ட இடியம் புரியவில்லை என்றால் தலையாட்டிவிட்டு, பிறகு கூகுளில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 'சாரி, வாட் டு யூ மீன் பை தட்?' என்று அங்கேயே கேளுங்கள். அவர் எளிய ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும் அந்த வாக்கியத்தை அன்றிரவு நோட்டின் வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.